ஊருக்கு முந்திய ஸ்டாப்

காலையில் பஸ்ஸில் படித்ததைப் பத்து மணிக்குப் பத்து வருஷப் பழக்கம் போலச் சொல்வதுதான் கம்ப்யூட்டர் வாத்தியார் வேலை. அந்தப் பாவத்தைச் செய்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் சாகுல் பாயின் கம்ப்யூட்டர் சென்டரில் இருந்தேன். எல்லோரும் 'சி' என்ற கம்ப்யூட்டர் மொழியை நடத்துகிறார்களே, நாம் வேறு நடத்துவோம் என்று, பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் இருந்த பைத்தான் மொழியை நடத்தச் சொன்னார் பாய். பேட்ச் பாதியில் நின்றால் என் வேலையும் நின்றுவிடும். தேவதானத்தில் எனக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. "மாப்பிள்ளை கம்ப்யூட்டர் சார்" என்று பெண் வீட்டார் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. எனக்கோ உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாது.

பூஜ்யம்

லிஸ்ட் என்றால் பெயர்களின் வரிசை. அதில் முதல் ஆளின் எண் ஒன்றல்ல, பூஜ்யம். இதைப் புரியவைக்க முதல் பெஞ்சுக்காரர்களை வரிசையாக நிற்கவைத்தேன். முதலில் நின்றவர் செட்டியார்பட்டியிலிருந்து வரும் ரிட்டயர்டு சுபேதார். "நீங்க பூஜ்யம்" என்றேன். வகுப்பே சிரித்தது, அவரைத் தவிர.

"இருவத்தெட்டு வருசம் பட்டாளத்துல நின்னுருக்கேன். மொத ஆளு ஒண்ணுன்னுதான் சத்தம் குடுப்பான். என்னயப் பூஜ்யம்னு சொன்ன மொத ஆளு நீங்கதான் சார்."

மூணு வரைக்கும்

அடுத்து, லிஸ்டில் ஒரு பகுதியை மட்டும் எடுப்பது. தேவதானம், சேத்தூர், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பஸ் போகும் ஊர்களை வரிசையாக அடிக்கச் சொன்னேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் பாத்திமா, தன் ஊரின் எண் மூன்று என்று சரியாக எண்ணி, பூஜ்யத்திலிருந்து மூன்று வரைக்கும் என்பதற்கு [0:3] என்று தட்டினாள். ராஜபாளையத்தோடு நின்றுவிட்டது.

மறுபடி தட்டினாள். மறுபடியும் ராஜபாளையம்தான். "மூணு வரைக்கும்னா மூணு சேராதும்மா, அதுக்கு முந்தினதோட நிக்கும்" என்றேன். ஏன் என்று கேட்டுவிடுவாளோ என்று பயம். அந்தப் பக்கத்தை நான் இன்னும் படிக்கவில்லை. அவள் கேட்டது வேறு.

"ஊருக்கு முந்துன ஸ்டாப்புலயே எறக்கிவிடுத வண்டில எவ சார் ஏறுவா?"

தட்டு குறையவில்லை

பாயும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். சென்டரின் பெயர் லிஸ்டில் முதலில் வாத்தியார்கள் ஐந்து பேர், பிறகு மாணவர்கள். மாணவர்களை மட்டும் எடுத்துத் திரையில் காட்டினேன். "வாத்தியார்மார வெட்டிட்டீங்களா தம்பி?" என்று பதறி எழுந்தார். எடுப்பது நகல்தான், மூலம் அப்படியே இருக்கும் என்று முழு லிஸ்டையும் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார்.

"எடுக்க எடுக்கத் தட்டு குறையாதுன்னா, இதுக்குப் பேசாம பால்கோவா கடை போட்டுருக்கலாமே தம்பி."

நோட்டீஸ் போர்டு

புது வருஷத்துக்கு யார் யார் வாத்தியார் என்று பாயே கம்ப்யூட்டரில் எடுத்து, ஒட்டச் சொல்லிவிட்டு மதுரைக்குப் போய்விட்டார். போர்டில் நான்கு பெயர்கள். ஐந்தாவதாக இருக்க வேண்டிய என் பெயரைக் காணோம்.

யாரிடமும் கேட்க ரோஷம் விடவில்லை. இரண்டு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் சென்டர் சென்டராக ஏறி இறங்கி வேலை கேட்டேன். எங்கும் இல்லை. கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி தேவதானத்துக்கு எழுதிய கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. தபால் பெட்டி வரை போவேன், திரும்பி வருவேன்.

மூன்றாம் நாள் பாய் அந்தத் தாளோடு வீட்டுக்கே வந்துவிட்டார். "போர்டுல இதப் பாத்துட்டுப் போனீங்களாமே, ஏன் தம்பி வரல? சுபேதார் சத்தம் போடுதாரு." என் பெயர் இல்லாத அந்தத் தாளையே காட்டினேன். "ஒங்க நம்பர் நாலுதான? நாலு வரைக்கும்னு நானே தட்டுனேனே!" என்றார். தாளின் அடியில் அவர் கையெழுத்தில் [0:4] என்று இருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நாலு சேராது என்று சொன்னேன். பாய் தாளை என் கையில் வைத்தார்.

"நான் ஒரு மாசம் படிச்சவன், எனக்குத் தெரியல. சொல்லிக்குடுத்த ஒங்களுக்குமா தம்பி தெரியல?"

கல்யாணம் சொன்ன தேதியிலேயே நடந்தது; அதற்குப் பிறகு எந்த லிஸ்டில் என் பெயர் இல்லாவிட்டாலும், கடிதம் எழுத உட்காருவதற்கு முன் கடைசி எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.