ஆல்ப்ஸுக்குப் போன நாலு மாசத் தம்பதி

போன ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வெளியே வந்து, கைப்பைக்குள் ஸ்கூட்டர் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தேன். பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு அம்மா மெதுவாக வந்து தோளைத் தொட்டார்.

"டீச்சர்… அந்த வாட்ஸ்அப் டி.பி. போட்டோவ இன்னும் மாத்தலையா?"

"இல்லையே. ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டாராம்! மதுரையில் இத்தனை வருடம் வாழ்ந்துவிட்டேன். சும்மா கேட்கப்பட்ட கேள்வி ஒன்றை இதுவரை நான் சந்தித்ததில்லை. நீங்கள் சந்தித்திருக்கிறீர்களா?

அந்தப் போட்டோவில் அப்படி என்ன இருக்கிறது? பின்னால் பனி மலை. முன்னால் நான், கறுப்புக் கண்ணாடியோடு. பக்கத்தில் என் தோள்மேல் கை போட்டுக்கொண்டு என் கணவர். இரண்டு பேரும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அவ்வளவுதான்.

தப்பு போட்டோவில் இல்லை. எங்கள் வயதில் இருக்கிறது. எனக்கு அறுபத்தொன்று, அவருக்கு அறுபத்து நான்கு. எங்களுக்குக் கல்யாணம் ஆனது இந்த வருடம்தான்!

என் முதல் கணவர் நெஞ்சு வலியில் திடீரென்று போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பிள்ளையை வளர்த்தேன், பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தினேன், மகளுக்குக் கல்யாணம் செய்து கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். பிறகு திருநகர் வீட்டில் நானும் டி.வி.யும் மட்டும். இப்போதைய கணவர் ஜெயராஜ் சாரும் மனைவியை இழந்தவர். தல்லாகுளத்தில் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பென்ஷன்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய், தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும் இல்லையா? அந்த வரிசையில்தான் எனக்கு முன்னால் நின்றிருந்தார். பேச்சு அங்கே தொடங்கியது. அவர் என்னை "டீச்சர்" என்றார், நான் அவரை "சார்" என்றேன். இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறோம்.

கல்யாணத்துக்கு யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். "நல்ல முடிவு டீச்சர். திடீர்னு முடியாமப் போனா ஒரு வாய் தண்ணி குடுக்க ஆள் வேணும்ல?" என்றார்கள். "மாத்திரைய ஞாபகப்படுத்த ஒருத்தர் வேணும்ல?" என்றார்கள். என் மகள் பிரின்சியே சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள்.

சுவிட்சர்லாந்து போகிறோம் என்று சொன்ன நாளில்தான் கைதட்டல் நின்றது.

அன்றைக்கு பிரின்சி ஊரிலிருந்து வந்திருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். சார்தான் சொன்னார். ஆல்ப்ஸ் மலை, ரயில், கேபிள் கார், இங்கிருந்தே ஒரு டூர் குழுவோடு போகிறோம் என்று. பிரின்சி கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

"எதுக்கும்மா?"

"பாக்கத்தான்."

"துணைக்குன்னுதானம்மா சொன்ன? இப்ப ஹனிமூன் போற! என் மாமியார் கேட்டா நான் என்னம்மா சொல்லுவேன்?"

"ஹனிமூன் போயிருக்காங்கன்னு சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டு எழுந்துவிட்டாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "போறதுன்னா போ. ஆனா ரெண்டாங் கல்யாணம்னு அங்க யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காத. போட்டோ கீட்டோ போடாத. ப்ளீஸ்மா" என்றாள். அதற்குப் பிறகு தினமும் வரும் போன் வரவில்லை.

சாருடைய பழைய ஆபீஸ் நண்பருக்கு வேறு கவலை. "ஏன் மாப்ள, மலையேறுற கார்தான? அதுக்கு அம்புட்டுத் தூரம் போகணுமா? பழனியில இருக்கே!" என்றார்.

நாங்கள் போனோம்.

வைகையில் கொஞ்சம் தண்ணீர் வந்தாலே பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். அங்கே ரயில் ஜன்னல் கூரை வரைக்கும் வளைந்து போகிறது. இந்தப் பக்கம் பார்த்தால் ஏரி, அந்தப் பக்கம் பார்த்தால் அருவி. எங்கள் குழுவில் எல்லாரும் மதுரை, விருதுநகர் பக்கத்து ஜனங்கள். முதல் அரை மணி நேரம் "ஆத்தாடி" என்பதைத் தவிர வேறு வார்த்தையே பெட்டிக்குள் கேட்கவில்லை. பிறகு பசித்தது. டப்பாக்கள் திறந்தன.

எங்கள் எதிர் சீட்டில் திருமங்கலத்து சரோஜா. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். சரோஜா எனக்கு ஒரு முறுக்கை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"கல்யாணமாகி எத்தன வருசமாச்சு டீச்சர்? எங்களுக்கு இருபத்தெட்டு."

சார் என்னைப் பார்த்தார். பதில் சொல்வதை என்னிடமே விட்டுவிட்டார் என்று புரிந்தது. வாசலில் நின்று பிரின்சி சொன்ன "ப்ளீஸ்மா" காதில் விழுந்தது. முப்பது என்று சொல்லிவிடலாம். யார் சரிபார்க்கப் போகிறார்கள்? வாயைத் திறந்தேன்… பக்கத்தில் அவர் இருந்தார். அவரை வைத்துக்கொண்டே, அவர் இல்லாத முப்பது வருடத்தைச் சொல்வதா?

"நாலு மாசம்," என்றேன்.

சரியாக அந்த நேரத்தில் ரயில் ஒரு குகைக்குள் போனது. நீளமான குகை. வெளியே வந்து வெளிச்சம் பட்டபோது சரோஜா முறுக்கை நீட்டிய கையோடு அப்படியே இருந்தார். அவர் கணவர் கண்ணைத் திறந்திருந்தார்.

அன்று மாலைக்குள் குழு முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் கெட்ட வார்த்தை சொல்லவில்லை. சாரைப் பார்த்து, "சார் நம்மள விட யூத்து!" என்று ஒருவர் கண்ணடித்தார். ஹோட்டலில் காலை உணவுக்குப் போனால், நாங்கள் உட்கார்ந்த மேஜையில் மற்ற நாற்காலிகள் காலியாகவே இருந்தன. சரோஜாவின் கணவர் அடுத்த ரயிலில் சீட்டை மாற்றிக்கொண்டார். சரோஜா எழுந்து போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

கோபம் வந்ததா? வந்தது. நல்லாவே வந்தது. "நாம என்ன திருடிட்டா வந்தோம்?" என்று சாரிடம் கேட்டேன். அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "இடம் தாராளமா கெடச்சுச்சுல்ல, கால நீட்டி உக்காருங்க டீச்சர்" என்றார்.

கேபிள் கார் நாள் வந்தது.

கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒரு பெட்டி. கம்பியில் தொங்கிக்கொண்டு மேகத்துக்குள் போய் மறைகிறது. டூர் மேனேஜர் எங்கள் பக்கம் திரும்பி, "சீனியர்ஸ் விருப்பப்பட்டா கீழே காபி ஷாப்லயே இருக்கலாம். மேடம், உங்க வயசுக்கு…" என்று இழுத்தார்.

"என் வயசுக்கு அதுக்கு மேல மலை இருந்தாலும் ஏறுவேன் தம்பி," என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பினால், சார் முகத்தில் வியர்வை. அந்தக் குளிரில்!

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல டீச்சர். உயரம்னா எனக்குக் கொஞ்சம் ஆகாது."

கொஞ்சமாவது! மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் பக்கமே அவர் போகாதது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அப்ப நீங்க கீழ இருங்க, நான் போயிட்டு வாரேன்" என்றேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு வரிசையில் போய் நின்றுகொண்டார்.

எங்களுக்கு முன்னால் சரோஜாவும் அவர் கணவரும். கணவர் அண்ணாந்து பார்த்தார். "இதெல்லாம் நமக்கு வேணாம். வா, காபி குடிப்போம்" என்று நடந்தார். சரோஜா நின்ற இடத்திலேயே நின்றார்.

"நான் போறேங்க."

"என்னது?"

"நான் மேல போயிட்டு வாரேன். நீங்க காபி குடிங்க."

அந்த மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்படி ஒரு பதிலை அவர் அதுவரை கேட்டதே இல்லை என்பது எனக்கே தெரிந்தது. அவர் அடுத்து ஏதும் சொல்வதற்குள் கதவு திறந்தது. சரோஜா எங்களோடு ஏறிவிட்டார். கதவு மூடிக்கொண்டது.

பெட்டி கிளம்பியதும் சார் கண்ணை மூடிக்கொண்டார். என் கையைப் பிடித்தார் பாருங்கள்… விரல் நசுங்கியது. உதடு மட்டும் அசைந்தது, ஜெபம். கம்பத்தைத் தாண்டும்போது பெட்டி ஒரு ஆட்டம் ஆடியது. "இயேசுவே!" என்று சத்தமே வந்துவிட்டது. நான் அவருக்குக் காதில் சொல்லிக்கொண்டே வந்தேன். இப்ப மரம் முடிஞ்சிருச்சு சார், இப்ப வெறும் பாறை, இந்தா பனி வந்துருச்சு…

சரோஜா வெளியே பார்க்கவே இல்லை. சாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இம்புட்டுப் பயத்த வச்சுக்கிட்டு ஏன் சார் வந்தீங்க? கீழ இருந்திருக்கலாம்ல?"

சார் கண்ணைத் திறக்காமலேயே சொன்னார். "இவுங்க மேல தொங்கிட்டுப் போகையில, கீழ உக்காந்து காபி குடிச்சா எறங்குமாம்மா?"

சரோஜா முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். ஜலதோஷமாகக்கூட இருக்கலாம். நான் கேட்கவில்லை.

மேலே இறங்கினால்… வெள்ளை. கண்ணுக்கு எட்டிய வரை ஒரே வெள்ளை, அதன்மேல் வெயில். சித்திரை வெயிலைப் பார்த்து ஓடி ஒளிகிற எனக்கு வெயிலைக் கட்டிப்பிடிக்கலாம் போல் இருந்தது. தரையில் கால் பட்டதும் சாருக்கு உயிர் வந்தது. பனியை அள்ளி என்மேல் எறிந்தார். நானும் எறிந்தேன். எங்கள் குழுவில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்கட்டுமே!

சரோஜா வந்து என் போனை வாங்கினார்.

"நில்லுங்க, ரெண்டு பேரையும் எடுக்கேன். சார், இன்னும் ஒட்டி நில்லுங்க. புதுசாக் கல்யாணம் ஆனவுங்க மாதிரியா நிக்கிறீங்க?"

நாங்கள் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்புதான் அந்தப் போட்டோ.

அங்கேயே நின்று அதை டி.பி.யாக வைத்தேன். கீழே இறங்குவதற்குள் போன் வந்தது. பிரின்சி. இத்தனை நாள் கழித்து!

"அம்மா, அத எடுத்துருமா. என் மாமியார் வீட்டு ஆளுக எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கத்தான போட்டேன்."

"அசிங்கமா இருக்கும்மா."

நான் விடவில்லை. "பிரின்சி, உங்கப்பா செத்தப்ப நான் தெருவுல உக்காந்து அழுதத ஊரே பாத்துச்சு. அப்ப யாரும் அசிங்கம்னு சொல்லல. இப்பச் சிரிக்கிறேன். அதயும் பாக்கட்டும்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

ஊர் திரும்பிய பிறகு நிறைய யோசித்தேன். நம் ஊரில் வயதானவர்களின் மறுமணத்துக்கு அனுமதி உண்டு, ஒரு நிபந்தனையோடு. அது நர்ஸ் வேலையாக இருக்க வேண்டும். மாத்திரை எடுத்துக் கொடுக்கலாம். முதுகில் தைலம் தேய்க்கலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒட்டி உட்கார்ந்தால், "என்ன ஒரு அந்நியோன்யம்!" என்பார்கள். அதே தோளில் அதே கையைப் போட்டுப் பனியில் நின்று சிரித்தால், கண் உறுத்துகிறது. சேர்ந்து நோயாளியாக இருக்கலாம், சேர்ந்து சந்தோஷமாக இருக்கக் கூடாது. இது என்ன நியாயம்? இந்த நியாயத்துக்குக் கட்டுப்பட நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை.

சரி, பிரின்சி?

வந்தாள். இந்த வாரம்தான், பேத்தியைக் கூட்டிக்கொண்டு. பேத்திக்கு சார் போனில் படங்களைக் காட்டினார். நடுவில் ஒன்று, கேபிள் காருக்குள் சரோஜா தன் போனில் எடுத்துப் பிறகு அனுப்பியது. அதில் சார் கண்ணை இறுக்கி மூடி, பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்திருக்கிறார். "தாத்தா ஊசி போட்டாங்களா?" என்று கேட்டுப் பேத்தி உருண்டு உருண்டு சிரித்தாள். பிரின்சி போனை வாங்கிப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள்.

"இவ்ளோ பயமா அங்கிள்? அப்புறம் ஏன் போனீங்க?"

"உங்கம்மா போனாங்களே," என்றார், அதில் கேட்க என்ன இருக்கிறது என்பதைப் போல.

பிரின்சி போனைத் திருப்பிக் கொடுத்தாள். "தண்ணி குடிக்கிறீங்களா அங்கிள்?" என்று கேட்டு, அவளே எழுந்து போய்க் கொண்டுவந்தாள். அவள் மனம் மாறிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள் என்று மட்டும் எழுதுகிறேன்.

அடுத்து கடல் பார்க்கலாம், கப்பலில் போகலாம் என்கிறார் சார். விசாரித்தேன்… அவருக்கு நீச்சலும் தெரியாதாம்!