மொன்றியல் பார்க்கப் போனோம்

நான். இராசன். குகன். சிவம் அண்ணை. மார்க்கம் ரோட்டுக் கோப்பிக்கடையில், ஜன்னல் ஓரத்து மேசையில் இருந்தது நாங்கள் நாலு பேர். நான் பாண் சுடுகிற தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவன். இராசன் இருபத்தாறு வருடம் பார்சல் வான் ஓட்டினவன். சலரோகம், இந்தச் சீனி வியாதி, கண்ணில் இறங்கி, லைசென்ஸைப் பறிகொடுத்து, இப்போது வீட்டில் இருக்கிறான். குகன் பணக்காரர் இருக்கிற யூனியன்வில்லில் வீடு வைத்திருக்கிறான். எங்களுக்குள் ஏழு பேர் ஏறக்கூடிய வான் அவனிடம்தான் இருக்கிறது. சிவம் அண்ணை மூத்தவர், செக்கியூரிட்டி வேலையில் இருந்து பென்சன் எடுத்தவர். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்பு ஒரே பஸ்ஸில் இந்த ரொறன்ரோ நகரத்துக்கு வந்து இறங்கிய நாலு பேர்.

வெள்ளிக்கிழமை வந்தால் இந்த நாட்டில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். வீக்கெண்டுக்கு என்ன பிளான்? பாங்கில் கேட்பார்கள். பல்லுக் கிளினிக்கில், வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேட்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுப்பர்வைசர் கேட்டார். ஓவர்ரைம் தரப்போகிறார் என்று நினைத்து, வரலாம் என்று சொன்னேன். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலை தந்தார். பிறகு கேள்வி விளங்கியது. ஆனால் என் பதில் மாறவில்லை. இங்கே வேலை செய்கிற வெள்ளையனுக்கு வீக்கெண்ட் என்றால் ஒரு இடம், எங்காவது போய் நிற்கிற இடம். எங்களுக்கு அது இரண்டாவது வேலை, அல்லது கலியாண வீடு, அல்லது செத்த வீடு.

அந்த வாரம் அதே கேள்வியை இராசனிடம் கண் கிளினிக்கில் கேட்டிருக்கிறார்கள். கண்ணுக்குள் ஊசி போடுவதற்கு முன்னம் மருந்து விட்டுத் துடைக்கிற பெட்டை கேட்டிருக்கிறாள். அவன் பதில் சொல்லவில்லை. ஊசி முடிந்த பிறகு டொக்டர் வேறு கதை சொன்னார். அதைத்தான் அன்று கோப்பிக்கடையில் எங்களுக்குச் சொன்னான்.

“வலது முடிஞ்சுதாம். இடது குளிர் வரைக்கும் நிண்டால் பெரிய காரியமாம். எனக்கு மொன்றியலிலை அந்த மலையை ஒருக்கால் பாக்கவேணும்.”

பிறகு சிவம் அண்ணை சொன்னார்: “முப்பத்தைஞ்சு வருசம் படுத்துக் கிடந்திட்டு உவனுக்கு இப்ப மலை கேக்குது.”

“நான் எங்கையண்ணை படுத்தனான்? வானிலையெல்லோ இருந்தனான்.”

குகன் கோப்பியைக் கீழே வைத்தான். “எவ்வளவு காசு முடியும்?” என்று கேட்டான். அவன் கேட்டால் வருகிறான் என்று அர்த்தம்.

மலைக் கதையைச் சொல்லவேண்டும். நாங்கள் முதலில் வந்து இறங்கியது மொன்றியலில். அகதி என்று சொல்லி, பேப்பர் எழுதி, ஒரு தங்குமிடத்தில் மூன்று கிழமை இருந்தோம். அந்த அறை ஜன்னலில் ஒரு மலை தெரியும். மலையில் ஒரு பெரிய சிலுவை. இரவில் அதில் வெளிச்சம் எரியும். யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. கண்ணுக்கு எட்டின மட்டும் தட்டை. ஒரு ஊருக்கு நடுவில் மலை நிற்பதை நாங்கள் அப்போதுதான் பார்த்தோம். இராசன் கட்டிலில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை ஏறுவோம் என்றான். வெள்ளிக்கிழமை சிவம் அண்ணைக்கு ரொறன்ரோவில் இருந்து போன் வந்தது. கோப்பை கழுவுகிற வேலை நாலு இருக்கிறது, திங்கள் காலை நிற்கவேண்டும் என்றார்கள். சனிக்கிழமை பஸ் ஏறினோம். பார்க்டேலில் ஒரு அறையில் பதினொரு பேரோடு சேர்ந்து படுத்தோம். ஞாயிற்றுக்கிழமை மலை ஏறுவோம் என்பது பிறகு எங்களுக்குள் ஒரு பகிடி. ஒருவன் கடன் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை மலையில் தாறன் என்போம். கலியாணம் முடித்தோம், பிள்ளை பெற்றோம், அதே பகிடி. இராசன் மட்டும் அதைப் பகிடியாக வைத்திருக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பிளான் போட்டோம். குகனின் வான். பெற்றோலைப் பிரிப்பது. பாண் என்னுடைய தொழிற்சாலையில் சும்மா எடுக்கலாம். சிவம் அண்ணையின் மனிசி மாசிச் சம்பல் போட்டுத் தருவா. நாலு பேருக்கும் ஒரு அறை, இரண்டு கட்டில். அறையைக் குகனின் மகள் போனில் தேடி எடுத்தாள். “அங்கிள், திஸ் இஸ் சச் எ குட் டீல். மவுண்டன் வியூ. தேர்ஸ்டே வரைக்கும் ஃப்றீயா கான்சல் பண்ணலாம்.” மவுண்டன் வியூ என்றதும் இராசன் அந்தப் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தான். மூக்கு போன் கண்ணாடியில் முட்டியது. கன நேரம் அப்படியே வைத்திருந்தான்.

அவன் ஒரே ஒரு சட்டம் போட்டான். “ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. மொன்றியலிலை இருக்கிற எங்கடை சனத்துக்குத் தெரிஞ்சால் முடிஞ்சுது.”

வாசிக்கிற எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சொந்தக்காரர் இருக்கிற ஊரில் ஹோட்டலில் படுத்தால் அது அவர்கள் முகத்தில் அடித்தமாதிரி. ஒரு வீட்டுக்குப் போய்விட்டு அடுத்த வீட்டைத் தாண்டிப் போனால் அது பத்து வருடத்துக்கு நிற்கும். பாரிஸ் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று சொல்வார்கள். அந்தக் கோபுரத்தைப் பற்றிக் கேட்டால், காருக்குள் இருந்து பார்த்தோம் என்பார்கள்.

சட்டத்தை உடைத்தது நான்.

அந்த ஹோட்டலில் வானை நிறுத்த ஒரு இரவுக்கு முப்பத்திரண்டு டொலர். எனக்கு அது நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. புதன்கிழமை வேலை முடிந்து வந்து மொன்றியலில் இருக்கிற ரதிக்குப் போன் எடுத்தேன். என் மாமாவின் மகள். வருகிறோம் என்று சொல்லவில்லை. டவுன் பக்கம் காரைச் சும்மா விட இடம் இருக்கோ என்று மட்டும்தான் கேட்டேன்.

“ஆருக்கு?”

“ஒரு பெடியனுக்கு.”

“எந்தப் பெடியன்? அத்தான், உங்களுக்குப் பொய் வராது. ஆர் வாறது?”

சொல்லிவிட்டேன். ஹோட்டலையும் சொல்லிவிட்டேன்.

“ஏன், நாங்கள் இஞ்சை செத்துப் போனமோ?” என்றாள்.

ஒரு மணித்தியாலத்தில் குகனின் மனிசியின் தமையன் அவனைக் கூப்பிட்டு ஏசினான். சிவம் அண்ணையோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர் ஒருவர், அவர் அங்கே இருப்பதே அண்ணைக்கு மறந்து போனவர், அவரும் கூப்பிட்டார். வியாழக்கிழமை காலை குகன் அறையைக் கான்சல் பண்ணிவிட்டான். “காசும் மிச்சம்தானே” என்றான். நான் இராசனுக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். என்னால்தான் என்றும் சொன்னேன்.

“சரி” என்றான்.

சனிக்கிழமை விடியப்புறம் வெளிக்கிட்டுப் பத்து மணிக்கு ரதி வீட்டில் நின்றோம். ரதியைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்தவள். கிழங்கு, சொதி, முட்டைப் பொரியல். இராசன் சலரோகக்காரன் என்று அவனுக்குக் குரக்கன் புட்டு வேறு. சாப்பிட்டு எழும்ப, ரதியின் புருசன் தன் தமையன் அடுத்த தெருவில் இருக்கிறார், எட்டிப் பார்க்காமல் போகக்கூடாது என்றான். எட்டிப் பார்த்தோம். ஒன்றரை மணித்தியாலம். பிறகு குகனின் மச்சான் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. பிறகு ஒரு செத்த வீடு. மனிதர் செத்து ஒரு வருடம். நாங்கள் வந்து விசாரிக்கவில்லை, இவ்வளவு தூரம் வந்துவிட்டு எப்படி விடுவது என்று குகன் சொன்னான். பிறகு சிவம் அண்ணையின் பள்ளிக்கூடக்காரர். எல்லா வீட்டிலும் இருக்க அதே தோல் செற்றி. அதே கண்ணாடி அலுமாரி, அதற்குள் குடிக்காத கோப்பைகள். தொலைக்காட்சியில் ரொறன்ரோவில் இருந்து போகிற தமிழ் சனல். அதில் ஸ்காபரோவில் இருக்கிற சாறிக்கடையின் விளம்பரம். என் வீட்டுக்குப் பக்கத்துக் கடை. ஆறு மணித்தியாலம் வான் ஓடி அதைப் போய்ப் பார்த்தேன்.

ஒவ்வொரு வீட்டிலும் இராசன் ஜன்னல் பக்கம் இருந்தான். திரையை விலக்கிப் பார்ப்பான். எதிர் வீட்டுச் செங்கல் தெரியும். திரையை விட்டுவிடுவான்.

ஐந்தாவது வீட்டு வாசலில் குகன் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது இராசன் என் கையைப் பிடித்தபடி தெருவில் இறங்கினான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். நாயோடு வந்த ஒரு வெள்ளை மனிசியிடம் “மவுண்டன்?” என்று கேட்டான். அவள் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். பிறகு அவன் கண்ணாடியைப் பார்த்தாள், என் கையைப் பிடித்திருந்ததைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பி, இவருக்கு உதவி ஏதும் வேண்டுமா என்று இங்கிலீசில் கேட்டாள்.

எனக்குத் தெரிந்த இங்கிலீசில், இல்லை, இவருக்குப் பார்க்கவேண்டும் என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. “ஐ ஆம் சோ சொறி” என்று சொல்லி, அவன் தோளைத் தொட்டுவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போனாள். மலை எந்தப் பக்கம் என்று காட்டவில்லை.

வானில் இருந்து குகன் கத்தினான். “அங்கை என்ன செய்யிறியள்? இருட்டுது, ரதி சாப்பாட்டோடை பாத்துக்கொண்டு நிப்பாள், வாங்கோ!”

ரதி வீட்டு பேஸ்மென்டில் படுத்தோம். அங்கே ஜன்னல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று வீடு. ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி. மத்தியானம் ஒரு பிறந்தநாள். ஆருடைய பிள்ளை என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. கேக் வெட்டாமல் போகக்கூடாது என்றார்கள். வெட்ட மூன்றரை ஆகிவிட்டது. வெளியில் மழை பிடித்திருந்தது.

“ஹைவே இறுகப்போகுது” என்றான் குகன். “எனக்கு நாளைக்குக் காலமை கிளையன்ட் ஒராள் இருக்கு. மலை எங்கையும் போகாது. அடுத்தமுறை வருவம்.”

சிவம் அண்ணை வானில் ஏறினார். நான் சொல்லியிருக்கவேண்டும். இருபது நிமிசம், வானை அந்தப் பக்கம் விடடா என்று சொல்லியிருக்கவேண்டும். எனக்கு வாய் இருந்தது. திங்கள் காலை ஐந்து மணிக்கு எனக்கும் சிஃப்ட் இருந்தது. நான் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

நகரத்தை விட்டு வெளியேறுகிற இடத்தில், மழைக்குள், ரோட்டுக்கு வலப்பக்கம் ஒரு மேடு தெரிந்தது. கட்டட வேலைக்குத் தோண்டிக் கொட்டின மண். மேலே புல் பிடித்திருந்தது. இராசன் ஜன்னலில் நெற்றியை வைத்திருந்தான்.

“மச்சான், அதுதானோ?”

நான் பார்த்தேன். “ஓம். அதுதான்” என்றேன்.

அவன் கையால் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தான். மேடு பின்னால் போகும் வரைக்கும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். குகன் என்னைக் கண்ணாடியில் ஒரு முறை பார்த்தான். பிறகு ரோட்டைப் பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை தொழிற்சாலையில் பக்கத்து மெசினில் நிற்கிற போர்த்துக்கீசப் பெண் கேட்டாள், மொன்றியலில் என்ன பார்த்தாய் என்று. சொந்தக்காரரைப் பார்த்தேன் என்றேன். நீ குடுத்துவைத்தவன், உனக்கு எல்லா ஊரிலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டுப் பெட்டியை அடுக்கினேன்.

குளிர் வந்தது. இடது கண்ணும் போய்விட்டது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரியுமாம். போன வெள்ளிக்கிழமை நான்தான் அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அதே பெட்டைதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த வருடம் எங்காவது போனீர்களா என்று கேட்டாள்.

“மொன்றியல்” என்றான் இராசன். மலையைப் பார்த்தேன், வெரி பியூட்டிஃபுல் என்றும் சொன்னான். அவளுக்குச் சந்தோசம். தானும் சின்ன வயதில் ஏறினதாகச் சொன்னாள்.

திரும்பி வருகிறபோது மார்க்கம் ரோட் பஸ்ஸில் முன் சீற்றில் இருந்தோம். அவன் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தான். பழக்கம். இரண்டு ஸ்ரொப் தாண்டின பிறகு சொன்னான்:

“நீ காட்டினதிலை சிலுவை இல்லை மச்சான். அவ்வளவு கண் எனக்கு அப்ப இருந்தது.”

அவன் அதை அத்தோடு விட்டுவிட்டான். கையை மடியில் வைத்து விரலை மடக்கத் தொடங்கினான். ரதி வீடு, இடியப்பம். ரதியின் புருசனின் தமையன் வீடு, வடை. குகனின் மச்சான் வீடு, ஆட்டிறைச்சி. செத்த வீடு, வெறும் தேத்தண்ணி. ஒன்றையும் விடாமல், போன ஒழுங்கில், பிறந்தநாள் கேக் வரைக்கும் எண்ணினான். பிறகு கையை விரித்து என் பக்கம் திருப்பினான். நான் இருந்த பக்கம் இல்லை. கொஞ்சம் தள்ளி, கம்பியைப் பார்த்து.

“எத்தினை மச்சான்?”

ஒன்பது.