கண்ணாடியில் ஒட்டிய பொட்டு

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, எனக்குப் பேய், பிசாசு, காத்து, கருப்பு எதிலும் துளி நம்பிக்கை இருந்ததில்லை. எங்கள் தெருவில் யாராவது சாமியாடினால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற முதல் ஆள் நான்தான். அதனால்தான் இதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். சிரித்தவளைப் பார்த்து ஊர் சிரிக்குமே.

கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடையில் புடவை எடுத்துப் போட்டுக்கொண்டே எட்டு வருஷம் சினிமாவில் சின்னச் சின்ன வேஷம் கட்டியவள் நான். கல்யாணக் கூட்டத்தில் ஒரு ஆள், ஆஸ்பத்திரி சீனில் ஒரு நர்ஸ், அவ்வளவுதான். அப்போது கல்வராயன் மலையில் ஒரு படம் எடுக்க வந்தார்கள். கம்பெனியில் மேலே மேலே போகத் துடிக்கிற ஒரு பெண், தனக்குள்ளேயே இருக்கிற இன்னொருத்தியோடு மல்லுக்கட்டிப் பைத்தியம் பிடிக்கிற நிலைக்குப் போகிறாள், அதுதான் கதை. கதாநாயகி தாரிணி, சென்னைப் பெண். எனக்கும் அவளுக்கும் ஒரே உயரம், ஒரே உடம்பு, அதனால் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. என்ன வேலை தெரியுமா? அவளுடைய கண்ணாடி பிம்பமாக உட்காருவது.

உண்மைக் கண்ணாடி வைத்தால் கேமரா அதில் தெரிந்துவிடும். அதனால் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டில் நடுவே பலகைச் சுவர் எழுப்பி, அதில் கண்ணாடியே இல்லாத ஒரு பெரிய மர பிரேமை மாட்டினார்கள். அந்தப் பக்கம் தாரிணி, இந்தப் பக்கம் நான். இரண்டு பேருக்கும் ஒரே பச்சைப் புடவை, ஒரே மெரூன் பொட்டு, ஒரே மாதிரி மேஜை, சீப்பு. மேஜை மேல் என் பக்கம் என்னுடைய போன், அவள் பக்கம் அதே மாதிரி பேட்டரி இல்லாத ஒரு டம்மி போன். அவள் வலது கையைத் தூக்கினால் நான் இடது கையைத் தூக்க வேண்டும். கடைசியில் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுவாள். நம் வீட்டுப் பெண்கள் எல்லாரும் செய்வதுதானே அது. இங்கே கண்ணாடிதான் இல்லையே, அதனால் பிரேம் கட்டையில் ஒட்டச் சொன்னார் டைரக்டர்.

தாரிணி நல்ல பெண். என்னை வாய் நிறைய அக்கா என்பாள், எனக்கும் சேர்த்து இளநீர் சொல்வாள். அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. கெட்டவளாக இருந்தாலாவது திட்டித் தீர்த்திருப்பேன். அவளுடைய வசனம் முழுக்க எனக்கு மனப்பாடம். ராத்திரி படுத்துக்கொண்டு அவளைவிட நன்றாகவே பேசிப் பார்ப்பேன்.

மூன்றாம் நாள் அவள் கார் வரவில்லை. நாங்கள் வேனில் விடியற்காலையிலேயே கச்சிராயபாளையம் வழியாக ஏறிவிட்டோம். அவள் பத்து மணிக்கு வர வேண்டியவள், பதினொன்று ஆகியும் காணோம். டைரக்டர் கத்திக்கொண்டிருந்தார். மேக்கப் போடும் மல்லிகாக்கா, எங்கள் ஊர்க்காரிதான், என் வலது மணிக்கட்டில் இருந்த எண்ணெய் தெறித்த தழும்பை மறைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாடி பரிமளா, ஈரோயினி கணக்கா ஒக்காந்துக்கினு இருக்க? அவ வராட்டி ஒனக்கு ஜாக்பாட்டு தான் போ."

"சும்மா இருக்கா," என்றேன். ஆனால் மனசுக்குள் சொன்னேன். வராமலே போகட்டும். அப்படியேதான் சொன்னேன், மழுப்ப மாட்டேன்.

பகல் பன்னிரண்டரை இருக்கும், நல்ல வெயில். எல்லாரும் புளிய மரத்தடியில் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் மட்டும் பிரேம் முன்னால் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எதிரே தாரிணி உட்கார்ந்திருக்கிறாள். பச்சைப் புடவை, பொட்டு, எல்லாம் தயார். தாமதமாக வந்த வெட்கத்தில் பின்வாசல் வழியாக வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் சீப்பை எடுத்தாள், நானும் எடுத்தேன். இரண்டு நாளாக வராத ஒற்றுமை அன்றைக்கு வந்தது, ஒரு இம்மி பிசகில்லை.

அப்போது என் போன் அதிர்ந்தது. அந்த வீட்டுப் பக்கம் என் சிம்முக்கு மட்டும்தான் டவர் கிடைக்கும், யூனிட்டே என் போனில்தான் பேசும். எட்டிப் பார்த்தேன். திரையில் தாரிணி என்று பெயர்.

எதிரே அவள் உட்கார்ந்திருக்கிறாள். போனிலும் அவளே கூப்பிடுகிறாள்.

நான் கையை அசைக்கவில்லை. என் பிள்ளை மேல் சத்தியம், அசைக்கவில்லை. அவள்தான் அசைத்தாள். அந்தப் பக்கத்து டம்மி போனை இடது கையால் எடுத்துக் காதில் வைத்தாள். என்னவோ முணுமுணுத்தாள், கீழே வைத்தாள். என் மேஜையில் அதிர்வு நின்றது. புடவைத் தலைப்பு விலகிய அவளுடைய இடது மணிக்கட்டைப் பார்த்தேன். அதில் ஒரு எண்ணெய்த் தழும்பு. என்னுடையது மேக்கப்பில் மறைந்திருந்தது, அவளுடையது மறையவில்லை.

பிறகு பொட்டைப் பிய்த்தாள். கட்டையில் ஒட்டவில்லை. நேராக நடுவில், கண்ணாடி இருந்திருக்க வேண்டிய இடத்தில் வைத்து அழுத்தினாள். ஐயோ, அது அப்படியே அந்தரத்தில் நின்றது. ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு மெரூன் பொட்டு. நான் பார்த்தேன்.

"அவ வரமாட்டா. நீ ஒக்காரு," என்றாள். குரல் என் குரல்.

"ஏய், சோறு ஆறிப்போவுதுடி!" என்று வாசலில் மல்லிகாக்கா கத்தினாள். திரும்பினேன். மறுபடி பார்த்தால் நாற்காலி காலி, அந்தரத்தில் எதுவுமில்லை. அக்கா கிட்டே வந்து என்னை உற்றுப் பார்த்தாள். "நெத்தியில பொட்டு எங்கடி? இப்பதான வெச்சேன்?" தரையெல்லாம் தேடினோம், கிடைக்கவில்லை.

இரண்டு மணிக்கு மேல்தான் பைக்கில் ஒருவர் வந்து சொன்னார். தாமதமாகக் கிளம்பிய தாரிணியின் கார் மலைப்பாதை வளைவில் பள்ளத்தில் உருண்டுவிட்டது. ஒன்றரை மணி நேரம் கிடந்தவர்களைக் காய்கறி டெம்போ ஒன்று ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு போயிருக்கிறது. எல்லாரும் ஐயோ ஐயோ என்றார்கள், நானும் சொன்னேன். போன் வந்ததை மட்டும் சொல்லவில்லை. டைரக்டர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பரிமளா, வசனம் தெரியுமில்ல? நீங்க ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். பயத்துக்கு நடுவே சந்தோஷமும் வந்தது. வந்ததை வரவில்லை என்று சொல்லவா?

நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாரிணியின் வலது கை கட்டுக்குள் இருந்தது, விரல்கள் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்களாம். என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"போன எடுத்தீங்களேக்கா. கார் கவுந்துடுச்சு, கை நசுங்கிக் கிடக்கு, யாரையாவது அனுப்புங்கன்னு அழுதேனே. நீ வராதன்னு சொல்லி வெச்சிட்டீங்களே. ஏன்க்கா?"

வெளியே வந்து போனைப் பார்த்தேன். எடுத்த அழைப்புகளில் அவள் பெயர் இருந்தது. இருபது விநாடி பேசியிருக்கிறது.

படம் வந்தது, மனசுக்குள் கிழிபடுகிற பெண்ணாக நான் வாழ்ந்திருக்கிறேன் என்று எழுதினார்கள். துணிக்கடையை விட்டேன். இன்றைக்கு எனக்கென்று வீடு இருக்கிறது, படுக்கையறையில் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது. அதில் ஒரு மெரூன் பொட்டு இருக்கிறது. நான் இப்போதெல்லாம் பொட்டே வைப்பதில்லை. நகத்தால் சுரண்டினேன், பிளேடால் சுரண்டினேன், வரவில்லை. பிறகுதான் புரிந்தது, அது கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. கண்ணாடியை இரண்டு தடவை மாற்றிப் பார்த்துவிட்டேன்.

இரண்டாவது படம் கிடைத்தபோது இரண்டாவது பொட்டு வந்தது. அந்தப் படத்தில் முதலில் நடிக்க இருந்தவள் ஏன் விலகினாள் என்று நான் விசாரிக்கவில்லை. இன்று காலை பல் துலக்கிவிட்டு வந்து பார்த்தேன், மூன்றாவதாக ஒன்று, புத்தம் புதிதாக. பத்து நிமிஷத்தில் போன் அடித்தது. பெரிய கம்பெனி, பெரிய வேஷம், உடனே வர முடியுமா என்றார்கள். வருகிறேன் என்றேன். யாருக்குப் பதிலாக என்று மட்டும் கேட்கவில்லை.