திருநாளில் வந்த இரத்தம்

போன மாதம் எங்கள் கோயில் திருநாள். பவனியில் எனக்கு முன்னால் போன மரியதாஸ் திடீரென்று இருமினான். வாயைப் பொத்திய லேஞ்சியில்... இரத்தம்!

"பிரெஷர்தான் அண்ணை" என்றான் அசட்டையாக.

மரியதாஸ் கடலட்டை குளிக்கிறவன், அதாவது கடலுக்கடியில் மூழ்கி அட்டை பிடிக்கிறவன். ஆழத்திலிருந்து அவசரமாக எழும்பினால் மூக்கிலும் வாயிலும் இரத்தம் வரும். எங்கள் கரையில் அதற்குப் பெயர் பிரெஷர். மூட்டு நோகிறதா? அதுவும் பிரெஷர். விரல் வெளிறுகிறதா? கடல் தண்ணீர்க் குளிர்! நானும் பெரிய விஷயம் தெரிந்தவன் போல, "ஓமோம், றெஸ்ட் எடுடாப்பா" என்று தலையாட்டினேன்.

பக்கத்தில் வந்த அவன் மனைவி ஜெசிந்தா தலையாட்டவில்லை.

"கொடியேறி ஒன்பது நாள். ஒருத்தரும் கடலுக்குப் போகேல்ல. கடலுக்கே போகாத மனிசனுக்கு எங்கால பிரெஷர்?"

சேசுவே! கொடி இறங்கும்வரை கடலில் இறங்குவதில்லை என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் யோசித்துப் பார்த்தவள் அவள் ஒருத்தி.

"நாளைக்கு நான் தொழிலுக்குப் போகவேணும்" என்று அவன் அடம்பிடித்தான்.

"என்னைத் தாண்டிப் போங்கோ பாப்பம்! அண்ணை, நீங்கள் உங்கட வானை எடுங்கோ."

என் வான் வண்டியை எடுத்தேன். வேறு வழி?

ஆஸ்பத்திரியில் முதலில் கசநோயோ என்று சந்தேகப்பட்டார்கள். சளியில் அது இல்லை. மரியதாசுக்கோ மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. ஒருவரும் கேட்காமலே ஜெசிந்தா சொன்னாள்.

"டொக்டர், இவருக்கு விடியக்காலமை விரல் மடக்கேலாது. ஐஸ் பெட்டிக்குள்ள கை வைச்சா விரல் வெளிறி நீலமாகும். வெயில்ல போனா கன்னம் ரெண்டும் சிவக்கும்."

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். மூட்டு, தோல், நுரையீரல் — எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே வருத்தம். லூபஸ். வீட்டுக் காவல்காரனே வீட்டுக்காரனை அடிப்பதுபோல, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய். நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதாகி உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது. இரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது.

"இன்னொருக்காக் கடலுக்குள்ள இறங்கியிருந்தா ஆள் தப்பியிருக்கிறது கஷ்டம்" என்றார் டொக்டர்.

ஊசி, மருந்து, மூன்று கிழமை பெரிய ஆஸ்பத்திரி... மரியதாஸ் வீடு வந்துவிட்டான். டொக்டர் கெட்டிக்காரர்தான். ஆனால் ஒருவரும் கேட்காததையெல்லாம் கவனித்து வைத்திருந்தாளே ஜெசிந்தா, அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

நேற்று சுகம் விசாரிக்கப் போனேன். கதிரையில் இருந்தபடி இரண்டு தரம் இருமினேன். தேத்தண்ணியை வைத்த ஜெசிந்தா என் முகத்தையே பார்த்தாள்.

"அண்ணை, உங்களுக்கு எத்தினை நாளா இந்த இருமல்?"

இன்று காலை கிளினிக் வரிசையில் முதல் ஆள் நான்தான்!