ஆளில்லாத இடத்துக்குப் போன பந்து

கிள்ளானிலிருந்து சரக்கு ரயிலில் வந்த கார்டுதான் முதலில் சொன்னார்.

"டேய், அங்க புதுசா ஒரு வெள்ளைக்காரத் துரை வந்திருக்கான்லா. பந்து ஆடுறான். ஆனா யாருமே இல்லாத இடத்துக்கு அடிக்கிறான். பேய் கீய் பிடிச்சிருக்குமோ என்னமோ!"

எல்லோரும் சிரித்தோம். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அடுத்த ஞாயிறு அந்தத் துரையின் குழுவோடுதான் எங்களுக்கு ஆட்டம்.

எனக்கு அப்போது முப்பதை நெருங்கும் வயது. பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டில் பாயிண்ட்ஸ்மேன் வேலை. வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் பாதையைத் திருப்பி வைப்பவன் நான். வாரம் முழுக்க வெயிலிலும் கரியிலும் வெந்தவனுக்கு ஞாயிறு மாலைப் பந்துதான் மூச்சு. பந்து இல்லாத ஞாயிறை நான் ஞாயிறு என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் குழுவுக்குக் காப்டனும் கோல்கீப்பரும் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். நல்ல மனிதர், வாய் மட்டும் எஞ்சின் விசில். என்மேல் அவருக்கு இருந்த ஒரே குறை, நிற்கச் சொன்ன இடத்தில் நான் நிற்க மாட்டேன் என்பது.

"மாப்பிள்ளே, உன் காலுல சக்கரமா கட்டியிருக்கு? தடுப்பு ஆட்டக்காரன் நடுவுல நிக்கணும்யா, நடுவுல!"

நிற்கத்தான் பார்ப்பேன். கால் கேட்காது.

அந்த ஞாயிறு கிள்ளான் திடலில் துரையைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. முன் வழுக்கை. இடது முட்டியில் கட்டு. ஒரு கம்பெனிக்கு இயந்திரம் பூட்ட வந்த மெக்கானிக்காம். ஆட்டம் தொடங்கியும் ஓடவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு நடந்தார். "அவனை விட்டு நகராதே" என்பது எனக்கு மச்சான் இட்ட கட்டளை. நானும் நிழலாக ஒட்டிக்கொண்டு நடந்தேன்.

பந்து அவரிடம் வந்தது. அடேயப்பா! அதுவரை தூங்கிக்கொண்டிருந்த மனிதரா இவர்? முதுகை எனக்குக் காட்டியபடியே ஒரே தொடலில் பந்தை அடக்கினார். தோள் இடப்பக்கம் சாய்ந்தது, உடம்பு வலப்பக்கம் திரும்பியது, நான் காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த நொடியே பந்து புல்லோடு புல்லாக இடது மூலைக்கு ஓடியது. அங்கே ஒரு ஈ, காக்கை இல்லை. அவருடைய ஆட்கள் நின்ற இடத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தார்கள். பந்து கோட்டைத் தாண்டி வடிகாலில் விழுந்தது.

திடல் ஓரமிருந்து கூச்சல் எழுந்தது. "துரை! யாருக்குப் போட்டீங்க? உங்க மாமியாருக்கா?"

எங்கள் மச்சானும் கோலிலிருந்தே சேர்ந்துகொண்டார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

அவருடைய அடுத்த பந்தும் அதே இடத்துக்குத்தான் போனது. திரும்பவும் யாரும் இல்லை. எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இது பைத்தியக்கார அடி இல்லையே! வண்டி கண்ணுக்குத் தெரிந்த பிறகா நான் பாதையைத் திருப்புகிறேன்? மணி அடித்ததும், வராத வண்டிக்குப் பாதை போட்டு வைப்பதுதானே என் பிழைப்பு? இந்த மனிதரும் அதைத்தான் செய்கிறார். பாதை போட்டாகிவிட்டது, வண்டியைத்தான் காணோம்!

அதற்குப் பிறகு என் காலை யார் பிடித்து வைப்பது? அவர் தோள் சாய்ந்ததுமே நான் அந்த மூலைக்குப் பறந்தேன். பந்து நேராக என் காலில் வந்து விழுந்தது. எதிரியின் பந்தை அவன் ஆள் வாங்குவதற்கு முன் நான் வாங்கினேன்! இன்னொரு முறையும் வாங்கினேன். துரை நின்று என்னைப் பார்த்தார். அடுத்த முறையும் தோளைச் சாய்த்தார், நான் ஓடினேன். மனிதர் பந்தை அனுப்பவே இல்லை. நான் காலி செய்துவிட்டுப் போன நடு இடத்தில் ராஜா மாதிரி நடந்துபோய் மச்சானின் கைக்கு எட்டாமல் உருட்டிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து விரலை ஆட்டிச் சிரித்தார். தோற்றுப்போனோம், ஆனால் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மச்சானுக்கு வரவில்லை. திரும்பும் ரயிலில் எல்லோர் முன்னாலும் சொன்னார். "அடுத்த ஆட்டத்துக்கு நீ வர வேண்டாம். அதுக்கடுத்த ஆட்டத்துக்கும் வேண்டாம். வேடிக்கை பார்க்கிறவன் திடலுக்கு வெளியே நின்னு பாரு."

அவ்வளவுதான். பத்து வருடமாக ஆடியவனைக் கறிவேப்பிலை மாதிரி எடுத்துப் போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடவில்லை. மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, அண்ணன் வீட்டுப் பக்கமாகத் திரும்பி ஒரு பாட்டுப் பாடினாள். அந்தப் பாட்டை இங்கே எழுத முடியாது.

நாலைந்து நாள் போயிருக்கும். கிள்ளானிலிருந்து ஒரு கிராணி யார்டுக்கே என்னைத் தேடி வந்தார். அந்தக் கம்பெனியில் கணக்கு எழுதும் தமிழர்.

"அண்ணே, துரை உங்களக் கூட்டியாரச் சொன்னாரு. 'அன்னைக்கு என் பந்தைத் திருடினானே, அவன் வேணும்'ங்கிறாரு. உங்க ஊரு திடல்ல திருப்பு ஆட்டம் இருக்குல்ல, அதுக்கு எங்க பக்கம் ஆடுவீங்களா?"

கோப்பை ஆட்டம் இல்லை, சும்மா ஆட்டம்தான். யாரும் யாருக்காகவும் ஆடலாம். ஆனால் மச்சானுக்கு எதிராகவா? வீட்டில் கேட்டேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிமிரவே இல்லை.

"போங்க. ஆனா எங்கண்ணன் வலையில ஒரு பந்தாவது போடாம வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது."

கிள்ளான் காப்பிக் கடையில் துரையோடு உட்கார்ந்தேன். துரை என்று கூப்பிட்டால் கையைக் கையை ஆட்டி மறுத்தார். அவர் வெள்ளைக்காரர்தான், வெள்ளைக்கார அரசாங்கத்து ஆள் இல்லை. ஜெர்மனும் இல்லை, செக்கும் இல்லையாம். "ஸ்லோவாக்!" என்று தன் இனத்தைச் சொல்லி நெஞ்சைத் தட்டிக்கொண்டார். பாசார் மலாய் என்கிற உடைந்த சந்தை மலாயில் பேசினார். என் மலாயும் அதே லட்சணம்தான் என்பதால் நன்றாகவே புரிந்தது.

டானூப் நதிக்கரை ஊராம் அவருக்கு. கந்தல் பந்தில் தொடங்கி, மீசை முளைக்கும் முன்பே ஊரின் பெரிய குழுவில் முன்வரிசை ஆட்டக்காரர். அப்போது காற்றாக ஓடுவாராம், யாரும் தொட முடியாதாம். நாட்டுக் குழுவின் சட்டை போட்டும் ஆடியிருக்கிறார். பிறகு ஒரு மழைநாளில் முட்டி திருகிக்கொண்டது. ஓட்டம் போயிற்று.

"கால் போனது, கண் வந்தது" என்றார்.

ஓட முடியாதவர் மற்றவர்களை ஓட வைக்கக் கற்றுக்கொண்டார். கோலுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் இறங்கி வருவார், தடுப்பவன் கூடவே வருவான், அவன் விட்டு வந்த இடம் காலியாகும். அந்த இடத்துக்கு இடப்பக்கமிருந்து ஒருவன் பாய்வான். அவருடைய கூட்டாளி அவன். எத்தனையோ வருடம் அவனைத் திரும்பிப் பார்க்காமலேயே பந்து அனுப்பினாராம். அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் அவன் இருந்தானாம்.

"இப்ப அவரு எங்கே?" என்று கேட்டேன்.

அவர் ஊருக்குக் கப்பல் போகும் திசையைக் கையால் காட்டினார். காப்பியை முழுக்கக் குடித்தார். கிள்ளான் பையன்கள் நல்லவர்கள்தான், காலைப் பார்க்கிறார்கள், தோளைப் பார்ப்பதில்லை என்றார்.

அந்த ஞாயிறு பிரிக்பீல்ட்ஸ் திடல் நிரம்பி வழிந்தது. மாப்பிள்ளை மச்சானுக்கு எதிராக ஆடுகிறான் என்றால் சும்மாவா! கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு முன்வரிசையின் இடப்பக்கம் போய் நின்றேன். மச்சான் கோலிலிருந்து கத்தினார்.

"வாய்யா துரோகி! இன்னைக்கு ராத்திரி சோறு யாரு போடுறான்னு பார்க்கிறேன்!"

முதல் பாதியில் மானம் போயிற்று. துரை பந்தை அனுப்புவார், நான் பந்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு மூச்சு தாமதமாக ஓடுவேன், அது கோட்டைத் தாண்டும். எதிரியாக இருந்தபோது ஓடிய கால் நண்பனானதும் மரத்துப் போயிற்று. ஊரே சிரித்தது. "ஒரு பேய் போதாதுன்னு ரெண்டு பேயா!" என்றான் ஒருவன். துரை இரண்டு விரலால் தன் தோளை மட்டும் தட்டிக் காட்டினார்.

இரண்டாம் பாதியில் மழை பிடித்துக்கொண்டது. செம்மண் சேறாகிக் குழைந்தது, பூட்ஸ் போட்டவர்கள் எல்லாம் வழுக்கினார்கள். எங்களுக்கா சேறு புதிது! துரை முட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் இறங்கினார், மச்சான் குழுவில் என் பழைய இடத்துக்குப் புதிதாக வந்த தடுப்பாளன் அவரை ஒட்டிக்கொண்டே போனான். பந்து அவர் காலுக்கு வந்தது. நான் பந்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தேன்.

சாய்ந்தது.

ஓடினேன் பாருங்கள்! எங்கே ஓடுகிறேன் என்று எனக்கே தெரியாது, பந்து எனக்கு முன்னாலேயே அங்கே வந்துகொண்டிருந்தது. மழையில் மச்சானின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கையை விரித்துக்கொண்டு பாய்ந்தார். நான் பாதத்தின் பக்கவாட்டால் தட்டினேன். பந்து அவர் கக்கத்துக்குக் கீழே புகுந்து வலையில் போய்ச் சுருண்டது.

ஐயோ, அந்தக் கூச்சல்! மழைச் சத்தமே கேட்கவில்லை. மச்சான் சேற்றில் உட்கார்ந்தபடியே வாயைப் பிளந்தார்.

"அங்க ஆளே இல்லையே மாப்பிள்ளே!"

"இப்ப இருக்கு மச்சான்!"

ஒரு நொடி முறைத்தார். பிறகு சேற்றை வழித்து என்மேல் எறிந்தார். "அடுத்த வாரம் நம்ம பக்கம் வந்து சேரு. முன்னால நில்லு, தொலை!"

நான் குதித்துக்கொண்டே துரையிடம் ஓடினேன். அவர் குதிக்கவில்லை. பந்தை அனுப்பிய இடத்திலேயே நின்றிருந்தார். முகமெல்லாம் மழை, அது மழை மட்டும்தானா என்று நான் பார்க்கவில்லை. என் பிடரியைச் சேற்றுக் கையால் பிடித்து, நெற்றியோடு நெற்றி முட்டினார்.

"சுடா லாமா துங்கு" என்றார்.

ரொம்ப நாளாகக் காத்திருந்தேன் என்று அர்த்தம். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கண் என் தோளுக்கு மேலே, இடது மூலையில் இருந்தது.