குறிப்பு என்ற நாலாவது கட்டம்

ஆந்திரம் தனி மாநிலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். சித்தூர் ஜில்லாவில், நகரியிலிருந்து ஐந்து மைல் உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்தில் நான் ஆரம்பப் பள்ளி வாத்தியார். எங்கள் ஊர் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பது தபால்காரர் உட்பட எல்லோருக்கும் தெரியும். எந்த மாநிலத்தில் இருக்க வேண்டும் என்பதில்தான் தகராறு. தமிழர்கள் ஒன்று சொன்னோம், தெலுங்கர்கள் வேறொன்று சொன்னார்கள். ஊர் மட்டும் யாரையும் கேட்காமல் இருந்த இடத்திலேயே இருந்தது.

பள்ளிக்கூடம் ஒரே நீளக் கொட்டகை. நடுவில் ஒரு மூங்கில் தட்டி. இந்தப் பக்கம் தமிழ் வகுப்பு, நான். அந்தப் பக்கம் தெலுங்கு வகுப்பு, என் வயதே ஆன இன்னொரு வாத்தியார். பிள்ளைகள் என்னை 'சார்' என்பார்கள், அவரை 'அய்யவாரு' என்பார்கள். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் எப்படியும் அழைப்பதில்லை, பேச்சே கிடையாது. எல்லைக் கூட்டங்களில் நான் ஒரு மேடை, அவர் எதிர் மேடை. அவருக்குத் தமிழ் சரளமாகப் பேச வரும், படிக்க வராது. எனக்கும் தெலுங்கு நன்றாக வரும், ஆனால் எல்லைப் பிரச்சினை தீரும்வரை பேசுவதில்லை என்று விரதம் எடுத்திருந்தேன். இந்த விரதத்தால் தெலுங்குக்கு ஏதும் நஷ்டம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

அந்த வருஷம் பொங்கலுக்கு முன் சித்தூரிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். என் வகுப்பில் ஒரு பையனை எழுப்பி, அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டார். பையன் யோசித்துவிட்டு, "எதுல சார்?" என்றான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் வகுப்பே எழுந்து நின்று "எஸ் சார்" என்றது. அதில் ஒன்று, உங்கள் ஊரின் பெயர் என்ன என்பது.

போகும்போது அவர் கோபப்படாமல்தான் சொன்னார். மார்ச் கடைசியில் மறுபடி வருவாராம். இங்கிலீஷும் கணக்கும் இதே லட்சணத்தில் இருந்தால் தமிழ் வகுப்பு என்று தனியாக ஒன்று தேவையில்லையாம். பிள்ளைகளை அந்தப் பக்கத்து வகுப்போடு சேர்த்துவிடப் பரிந்துரை எழுதிவிடுவாராம்.

அன்று முடிவு செய்தேன், விடுவதில்லை என்று. மேடையில் எல்லையை மீட்பது வேறு, முப்பது சொச்சம் பிள்ளைகள் உட்காரும் பாயை மீட்பது வேறு. இரண்டாவதற்குக் கைதட்ட யாரும் வரமாட்டார்கள், வேலையும் செய்ய வேண்டும். சித்தூர் நூலகத்துக்குப் போய், பாடத்திட்டம் எழுதுவது எப்படி என்று ஒரு வெள்ளைக்காரர் எழுதிய தடிப் புத்தகத்தை எடுத்து வந்தேன். பனிமழை பெய்யும் நாட்களில் வகுப்பை எப்படி நடத்துவது என்று அதில் ஓர் அத்தியாயமே இருந்தது. அதையும் விடாமல் படித்தேன்.

பொங்கல் விடுமுறை முழுக்க உட்கார்ந்து, பத்து வாரத்துக்குத் திட்டம் எழுதினேன். நீள நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் நாலு கட்டம்: வாரம், இங்கிலீஷ், கணக்கு, குறிப்பு. முதல் மூன்று கட்டங்களைப் பற்றி இன்றும் எனக்குப் பெருமை உண்டு. எந்த நாள் எந்த வாக்கியம், எந்த நாள் வகுத்தல், எந்த நாள் பின்னம், கரும்பலகையில் என்ன படம் என்பது வரை எழுதியிருந்தேன்.

நாலாவது கட்டம்தான் வினை. வாசித்தது அதிகம், வாசித்ததைக் காட்டிக்கொள்ள ஊரில் ஆள் இல்லை. எனவே என் நகைச்சுவை முழுவதையும் அந்தக் கட்டத்தில் கொட்டினேன். முதல் வாரத்திலேயே, 'தட்டிக்கு அந்தப் பக்கம் நடப்பது பாடமா சந்தையா என்று தெரியவில்லை. நம் பிள்ளைகளை உரக்கப் படிக்கச் சொல்லவும்' என்று ஆரம்பித்தேன். பின்னம் வரும் ஆறாம் வாரத்துக்கு, 'கொய்யாப்பழத்தை நாலாக நறுக்கிக் காட்டவும். பக்கத்து ஆசிரியர் கண்ணில் பட்டால் மீதி பூஜ்யம்' என்று எழுதினேன். நாலாம் வாரம் இங்கிலீஷில் மிருகங்கள். 'திஸ் இஸ் எ டாங்கி' என்ற வாக்கியத்துக்கு எதிரே எழுதியது இது: 'படம் வரைய வேண்டாம். தட்டியின் இடுக்கு வழியாகப் பார்க்கச் சொன்னால் போதும்.'

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் தெரியாது. பக்கத்து வாத்தியாருக்கும் தெரியாது. அந்தத் தைரியம்.

வகுப்பில் நன்றாகப் படிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள், ஐந்தாம் வகுப்பு, நெசவாளி வீட்டுப் பெண். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். முதலில் வாசிக்கும்போது கஷ்டமான வார்த்தைகளைத் தாண்டிக் குதித்துப் போவாள். மூன்று வாரம் விடாமல் அதட்டினேன்: எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி படி, சேர்க்காதே, விடாதே, ஓர் எழுத்துகூட விடாதே. அவள் திருந்தினாள். என் வாழ்க்கையில் நான் முழுமையாகச் செய்து முடித்த காரியங்களில் அதுவும் ஒன்று.

மூன்றாம் வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லைக் கூட்டம் ஒன்றுக்குப் பேசப் போனேன். எல்லைக்காக ரத்தம் சிந்தினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். சிந்தியதும் உண்மை. சைக்கிளில் போகும்போதே பேச்சை ஒத்திகை பார்த்து, முக்கியமான இடத்தில் ஒரு கையை உயர்த்தி, பள்ளத்தில் இறங்கியதால் சிந்தியது. கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிவு. வண்டியில் போட்டுப் புத்தூருக்குக் கொண்டுபோய் எலும்புக் கட்டு போட்டார்கள். பச்சிலையும் மூங்கில் பத்தையும் துணியுமாக என் கால் என்னை விடப் பருமனாக ஆயிற்று. ஏழு வாரம் அசையக் கூடாது என்றார் கட்டுக் கட்டியவர். அதே ஊரில் என் அக்கா வீடு. அங்கே படுக்கை.

நோட்டு பள்ளிக்கூடத்துப் பெட்டியில். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு. என் இடத்துக்கு வேறு ஆள் போட மேலே எழுதிப்போட்டேன். பதில் இல்லை. நான் படுத்த மூன்றாம் வாரம், நூல் வாங்கப் புத்தூர் வந்த அந்தப் பெண்ணின் தகப்பனார் என்னைப் பார்க்க வந்தார்.

"காலு எப்படி கீது சார்?"

"காலை விடுங்க. வகுப்பு என்ன ஆச்சு?"

"அதெல்லாம் நடந்துகினு கீது. அய்யவாரே ரெண்டு பக்கமும் பாத்துக்கிறாரு. தட்டியக்கூட கயட்டி மாட்டுக் கொட்டாயாண்ட சாத்திட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன சொல்லிக்கொடுக்கிறார் என்று கேட்டேன்.

"அது இன்னா கண்டேன் சார். அவரு சொல்றாரு, புள்ளைங்க கத்துது."

இன்ஸ்பெக்டர் பரிந்துரை எழுதக்கூடத் தேவையில்லை, காரியம் முடிந்துவிட்டது என்று தோன்றியது. நான் கட்டிலில் கிடந்தபோது ஒரு குண்டுச் சத்தம்கூட இல்லாமல் என் ராஜ்யத்தை எதிரி சேர்த்துக்கொண்டுவிட்டான். அப்புறம் வந்த ராத்திரிகளில் நான் தூங்கியதாக அக்கா சொல்கிறாள், எனக்கு நினைவில்லை.

மார்ச் கடைசி வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் கிடைத்தது. கட்டு அவிழ்க்க இன்னும் மூன்று நாள் இருந்தது. அக்கா திட்டத் திட்ட, கையில் ஒரு தடியோடு காலை பஸ்ஸில் ஏறினேன். நகரியில் இறங்கி மாட்டு வண்டி. வழி முழுக்க, அந்த மனிதரை இன்ஸ்பெக்டர் முன்னாலேயே என்ன கேட்பது என்று ஒத்திகை. இந்த முறை இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

பள்ளிக்கூட வாசலில் நின்றபோது உள்ளே ஒரே குரல் கேட்டது. கொட்டகையில் தட்டி இல்லை. இரண்டு வகுப்புப் பிள்ளைகளும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அந்தப் பெண் என் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். அய்யவாரு கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பத்தாவது வாரம். இங்கிலீஷ், படித்த வாக்கியங்களைத் திருப்பிப் பார்த்தல். கணக்கு, பின்னம், திருப்புதல். குறிப்பு."

அவள் நிறுத்துவாள் என்று ஒரு கணம் நம்பினேன்.

"குறிப்பு. இந்த வாரம் இன்ஸ்பெக்டர் வருவார். நம் வகுப்பு தேறிவிடும். பக்கத்து வகுப்பைப் பற்றிச் சொல்வதற்கில்லை. அங்கே வாத்தியாரே இன்னும் தேறவில்லை."

"சரிம்மா, ஒக்காரு," என்றார் அவர். முகத்தில் ஒன்றும் இல்லை. தினமும் குடித்துப் பழகிய கஷாயத்தைக் குடித்த மாதிரி இருந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"வாங்க சாரு. நிக்காதீங்க, மொதல்ல ஒக்காருங்க."

இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. ஒத்திகையை விட்டுவிட்டு நோட்டைக் காட்டினேன்.

"நீங்க எய்தி வெச்சிட்டுப் போயிருந்தீங்க," என்றார். "எனக்குப் படிக்க வராதே. பாப்பா படிக்கும், நான் கேட்டுகினு அதும்படி நடத்துவேன்."

"எல்லாத்தையும் படிச்சியா?" என்றேன் அவளிடம்.

"ஒரு எயுத்து வுடல சார்," என்றாள் பெருமையாக. "நீங்கதான சொன்னீங்க."

நாலாம் வாரத்தை நினைத்துக்கொண்டேன். நான் விழுந்த மறுநாள், அவர் எடுத்த முதல் பாடம். குரலைத் தாழ்த்தி, அந்தக் கழுதைப் பாடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவளுக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாது.

"நடந்திச்சி சார். அய்யவாரு தட்டிக்கு அந்தாண்ட போய் நின்னாரு. நாங்க ஒவ்வொர்த்தரா இடுக்குல பாத்து, திஸ் இஸ் எ டாங்கின்னு சொன்னோம். எல்லாரும் பாக்க நேரமாவுதுன்னு அப்பால அவரே தட்டியக் கயட்டிட்டாரு."

புத்தூரில் எலும்பு கூட்டிக் கட்டுவார்கள். இதற்குக் கட்டு எங்கே போடுகிறார்கள் என்று தெரியவில்லை.

வெயில் ஏறும் நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். ஆளுக்கு ஒரு பொருளைக் காட்டினார், இங்கிலீஷில் வாக்கியம் சொன்னார்கள். வகுத்தல் போட்டார்கள். பழைய பையனையே எழுப்பி, அரையும் காலும் எவ்வளவு என்றார். அவன் நிதானமாக, "முக்கால் சார். எதுல இருந்தாலும் முக்கால்தான்," என்றான். இன்ஸ்பெக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். என் காலைப் பார்த்தார். ஆறு வாரம் நீங்கள் இல்லையே, எப்படி என்றார். அய்யவாரு என் நோட்டைக் காட்டி, இதும்படிதான் நடந்தது என்று தெலுங்கில் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டினார். எழுத்து புரியாவிட்டாலும் கட்டங்கள் பிடித்திருந்தன போலிருக்கிறது. நாலாம் வாரத்தில் நிறுத்தி, கடைசிக் கட்டம் இவ்வளவு நிறைந்திருக்கிறதே, அதில் என்ன என்று கேட்டு, நோட்டை நேராக அந்தப் பெண்ணிடம் நீட்டினார். உரக்கப் படி என்றார்.

அவள் எழுந்தாள். என் வகுப்பு, என் வேலை, தேர்வில் ஜெயித்த பிள்ளைகள் எல்லாம் அவள் தொண்டையில் இருந்தன. அவர்கள் மூச்சுவிடாமல் படித்த பாடங்களை நானே ஒரு கட்டத்தில் எழுதிக் கெடுத்திருந்தேன். அவள் வாயைத் திறப்பதற்குள் அய்யவாரு நோட்டை வாங்கிக்கொண்டார்.

"நான் படிக்கிறேன் சார்."

எழுத்துக்கு அடியில் விரலை வைத்து நகர்த்தினார். தினமும் அவள் படிக்கப் படிக்கத் தோளுக்கு மேலாகப் பார்த்துப் பார்த்து, அந்த ஆறு வாரத்தில் அவர் தமிழ் எழுத்துக் கூட்டக் கற்றிருந்தார். "நா...லாவது வாரம். இங்...கிலீஷ், மிரு...கங்கள்." வியர்வை அவர் நெற்றியில், என் முதுகில். நாலாவது கட்டத்துக்கு விரல் வந்தது. ஒரு நிமிஷம் நின்றது. பிறகு முன்னை விடச் சரளமாகப் படித்தார்.

"குறிப்பு. பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கலந்துகொண்டு, ரெண்டு வகுப்புக்கும் சேர்த்து நடத்தவும்."

அந்தப் பெண் தவித்துப்போய் என் காதருகே குனிந்தாள். "சார், அய்யவாரு தப்பாப் படிக்கிறாரு. அங்க அப்பிடி இல்ல."

"இருக்கட்டும்மா," என்றேன். "சில எடத்துல விட்டுப் படிக்கலாம்."

மூன்று வாரம் போதித்ததை நாலு வார்த்தையில் நானே அழித்தேன். அவள் என்னை நம்பிக்கையில்லாமல் பார்த்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

தமிழ் வகுப்பு தொடரலாம் என்று இன்ஸ்பெக்டர் எழுதினார். கூடவே, திட்டமிட்ட ஆசிரியரின் ஒத்துழைப்பு மனப்பான்மை பாராட்டத்தக்கது என்றும் எழுதினார். வாழ்நாளில் என்னைப் பற்றி அரசாங்கம் எழுதிய ஒரே நல்ல வார்த்தை அது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை.

அவர் போன பிறகு, எல்லைப் பிரச்சினை தீருமுன்பே விரதத்தை முறித்துத் தெலுங்கில் மன்னிப்புக் கேட்டேன். அவர் தமிழில் பதில் சொன்னார்.

"கோடு எங்க வியும்னு யாருக்கு சாரு தெரியும்? நாளைக்கி ஊரு உங்க பக்கம் வியுந்தா, தட்டிக்கு இந்தாண்ட நிக்கறவன் நான். என் புள்ளைங்களுக்கும் யாராச்சும் பாடம் நடத்தணும் இல்ல?" கொஞ்சம் தள்ளிப் போய்விட்டுத் திரும்பினார். "ஆனா அந்தக் கொய்யாப்பய விசயம் நெசந்தான். ஒரு துண்டு துன்னுட்டேன்."

கோடு ஒரு நாள் விழுந்தது. திருத்தணி மதராஸுக்குப் போயிற்று, நாங்கள் ஆந்திரத்திலேயே நின்றோம். அதற்குள் நானும் அவரும் ஒரே நோட்டில் இரண்டு கையெழுத்தில் திட்டம் எழுதப் பழகியிருந்தோம். தட்டி மாட்டுக் கொட்டகையிலேயே கிடந்து, யாரோ வீட்டு வெந்நீர் அடுப்புக்குப் போனது. பிறகு அவருக்கு வேறு ஊர் மாற்றலாயிற்று.

எனக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது, இன்னும் வாத்தியார்தான். ஒவ்வொரு பருவத்துக்கும் நாலு கட்டம் போட்டே திட்டம் எழுதுகிறேன். நாலாவது கட்டத்தில் பேனாவை வைக்கும்போதெல்லாம், அதை ஒரு பெண் குழந்தை அதில் குறிப்பிட்டிருப்பவர் எதிரிலேயே நின்று, ஓர் எழுத்தும் விடாமல் உரக்கப் படிப்பது காதில் விழுகிறது. முக்கால்வாசி வாரம் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.