மாலை போட்ட படம்

மகளின் புருவத்துக்கு மேலே தையல் பிரித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. பேரையூர்ப் பக்கம் குடிதண்ணீருக்காக நடந்த மறியலைப் படமெடுக்கப் போனாள். பஸ்ஸைப் பார்த்து யாரோ எறிந்த கல் அவள் மேல் பட்டது. தொண்ணூறுகளின் கடைசி அது. அதற்குள் சென்னையில் ஒரு பத்திரிகையில் புகைப்படக்காரர் வேலை கிடைத்துவிட்டது. அங்கே தங்குவதற்கான பெண்கள் விடுதி விண்ணப்பம், என் கையெழுத்துக்காக என் கைப்பையிலேயே கிடந்தது. போடுவதில்லை என்றிருந்தேன்.

“ஒரு தடவ வந்து பாரும்மா, பெறகு சொல்லு” என்று அருங்காட்சியகத்தில் நடந்த புகைப்படக் கண்காட்சிக்கு அழைத்துப் போனாள்.

ஒரே மனிதர் நாற்பது வருடமாக எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். அவள் வெளிச்சத்தையும் நிழலையும் விளக்கிக்கொண்டே வந்தாள். எரியும் குடிசை, மார்பளவு வெள்ளம், லத்தியை ஓங்கிய போலீஸ்காரர். ஒவ்வொன்றிலும் இவர் எங்கே நின்றிருப்பார் என்பதுதான் என் யோசனை. லத்திக்கும் அவருக்கும் நடுவே நாலடிகூட இருக்காது.

கடைசிச் சுவரில் அவருடைய படம், கழுத்தில் கேமராவோடு. சட்டத்தின் மேல் சம்பங்கி மாலை. கடைசியில் இதுதானே என்று செருப்பைக் கழற்றிவிட்டு, காலையில் திருப்பரங்குன்றத்தில் வாங்கிய திருநீற்றைக் கண்ணாடியில் அவர் நெற்றிக்கு நேரே பூசிக் கும்பிட்டேன்.

காவலாளி ஓடிவந்தார். “அக்கா, அவரு உசுரோட இருக்காரு. நேத்துத்தான் வந்து தொறந்துவச்சாரு. போட்ட மாலையக் கழட்டி எங்கிட்டக் குடுத்தாரு. கீழ போடக்கூடாதேன்னு நாந்தான் அங்கன மாட்டுனேன்.”

வயதைக் கேட்டேன். எண்பது இருக்கும், மாடிப்படியைத் தனியாக ஏறினார் என்றார். மகள் சிரிப்பை அடக்கமுடியாமல் புருவத்தைப் பிடித்துக்கொண்டாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தேன்.

“நீ எம்புட்டுத் தூரத்துல நிப்ப?”

அவள் சிரிக்கவில்லை. என்னை லத்திப் படத்தின் முன் நிறுத்திவிட்டு, பின்னால் நகர்ந்து நின்றாள். “இம்புட்டு.”

“இன்னும் ஒரு எட்டு போ.”

போனாள்.

விண்ணப்பத்தைக் காவலாளியின் மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். கோணலாகத்தான் விழுந்தது. இப்போதும் எங்காவது கலவரம் என்று செய்தி வந்தால், அந்த ஓர் எட்டைப் பின்னால் வைத்திருப்பாளா என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது.